கயிறு பிடிக்கிறவர்கள்

எங்கள் ஊரில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் சிரித்திருப்பார்கள். பம்புசெட் ரூம் நிழலில் வாங்கிக் கொடுத்த ஒரு பீடிக்கட்டு, பொங்கலுக்கு ஒரு வேட்டி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவர்களை மாஸ்டர் என்றோ கோச் என்றோ கூப்பிட்டதும் இல்லை. மாமா, சித்தப்பா, பெரியண்ணன் என்று ஏற்கெனவே இருந்த உறவுப் பெயரே போதுமானதாக இருந்தது.

ஊர், வேப்பூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வேப்பூர் என்றால் சென்னை-திருச்சி ரோட்டில் பஸ் நிற்கும் இடம் என்று பலருக்கு ஞாபகம் வரும். வியாபாரிகளுக்கு வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை ஞாபகம் வரும். கிழக்கே விருத்தாசலம் போனால் பீங்கான் பட்டறைகள், அகல்விளக்கும் பொம்மையும் சுடுகிற சூளைகள், அதற்கு வேண்டிய களிமண். எங்கள் பக்கம் கருங்கல் பூமி. கிணறு தோண்டினால் சீக்கிரமே பாறை வந்துவிடும், அப்புறம் வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். அப்படி இறங்கிய 50 அடி, 60 அடிக் கிணறுகள்தான் எங்கள் நீச்சல் பள்ளிக்கூடம். வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் தண்ணீர் மேலே ஏறி நிற்கும். நகரத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் சீசன் என்றால் மே மாதம். எங்களுக்கு அது பொங்கல் லீவு.

'எங்களுக்கு' என்று எழுதிவிட்டேன். பையன்களுக்கு என்று படித்துக்கொள்ளுங்கள். நான் கிணற்று மேட்டில் தம்பியின் சட்டையையும் டிராயரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்.

அம்மாவின் தம்பிதான் எங்கள் பக்கத்தில் முக்கியமான ஆள். அவரிடம் கற்றவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. முறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில் காய்ந்த சுரைப்புருடையையோ கல்யாண முருங்கைக் கட்டையையோ முதுகில் கட்டுவார்களாம். என் காலத்தில் மண்ணெண்ணெய் கேன், லாரி டியூப். இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை மாமா கையில். படிக்கட்டில் கடைசிப் படி வரைக்கும் இறக்கி, வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தண்ணீரில் படுக்க வைப்பார். "காலை அடி. நாய் எப்புடி போவுது பாரு, அப்புடி." ரெண்டு நாள் இது. மூன்றாம் நாள் கேன் போய்விடும், கயிறு மட்டும் இருக்கும். நான்காம் நாள் கயிறு இருக்கும், ஆனால் தளர்வாக. பையன் தளர்வைக் கவனிக்கமாட்டான். அவன் தானாகத்தான் மிதக்கிறான் என்று ஐந்தாம் நாள் மாமா சொல்லும்போது அவனுக்கே அழுகை வரும், ஏமாற்றிவிட்டாயே என்று.

எல்லாரும் இப்படி இல்லை. பின்னாலிருந்து தள்ளிவிட்டு மேலே நின்று சிரிக்கிற அண்ணன்மார்களும் உண்டு. 'தள்ளிவிட்டாத்தான் வரும்' என்று கிராமத்து நீச்சலைப் பற்றி முகநூலில் உருகி எழுதுகிறவர்கள், தள்ளிவிடப்பட்டு அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் தண்ணீர்ப் பக்கமே போகாதவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் தெருவிலேயே இருவர் இருக்கிறார்கள். பாறைக் கிணற்றில் தள்ளும்போது பக்கவாட்டுக் கல்லில் மண்டை போனவர்களும் உண்டு. மாமா தள்ளியதே இல்லை. அவரிடம் யாரும் முங்கிப்போனதும் இல்லை. அந்த ஒரு கணக்கை மட்டும் அவர் பெருமையாகச் சொல்லுவார்.

நீந்தத் தெரிந்த பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கும். மல்லாக்க மிதக்கிறது, முங்குநீச்சல், தலைகீழாகச் சொருகு அடிக்கிறது. கடைசியாக அடியிலிருந்து மண் எடுத்துவருகிறது. கையில் மண்ணோடு மேலே வந்தால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம், அதுதான் சர்டிபிகேட். கூடவே ஒன்று சொல்லுவார்: "எவனாச்சும் முங்கினா நேரா போய் முன்னாடி நிக்காத. ஒன்னையும் சேத்து அமுக்கிருவான். பின்னாடி போ, முடியப் புடி. முடியலன்னா வேட்டியத் தூக்கி வீசு." இந்த வரியை நான் மேட்டில் உட்கார்ந்து கேட்டே மனப்பாடம் செய்தேன். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து சென்னையில் சர்டிபிகேட் வைத்திருந்த ஒருவர், ஒயிட் போர்டில் அம்புக்குறி போட்டு அதையேதான் விளக்கினார்.

சம்பளமில்லாத இந்த வேலைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைக் கிராமத்து நீச்சலைப் பற்றிய கதைகளில் யாரும் எழுதுவதில்லை. ஆழமாக முங்கத் தெரிந்தவனைத்தான் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்கக் கூப்பிடுவார்கள். விழுந்த குடத்தை, ஆட்டை எடுக்கக் கூப்பிடுவார்கள். விழுந்த ஆளை எடுக்கவும். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் ராத்திரி ரெண்டு மணிக்கு மாமாவைத்தான் எழுப்புவார்கள். எத்தனை பேரை எடுத்தார் என்று நான் கேட்டதில்லை. ஒரு தடவை எட்டாவது படிக்கிற பெண்ணை எடுத்து வந்தார். தண்ணீர் மொள்ளப் போனபோது பாசியில் வழுக்கியது. மாமா அன்று சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த வருஷப் பொங்கலுக்கு அவர் யாருக்கும் கயிறு பிடிக்கவில்லை.

அந்தப் பெண் என் வகுப்பு.

பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன், ஏன் மாமா பொம்பளப் புள்ளைங்களுக்கு யாருமே சொல்லித் தரல என்று. கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "வவுத்துக்கு அடியில கையக் குடுக்காம எப்புடிம்மா கத்துக்குடுக்கறது? யாரு வூட்டுப் புள்ளையத் தொட்டு, யாரு கிட்ட பேச்சு வாங்கறது?" என்றார். அதற்குமேல் என்னால் வாதாட முடியவில்லை, ஏனென்றால் அது சரியான தொழில்நுட்பக் கேள்வி. நீச்சலை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. தொட வேண்டும். தொடுவதற்கு ஊர் ஒப்புக்கொண்ட ஒரு பெண் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். அப்படி ஒருத்தி எங்கள் ஊரில் இருக்கவில்லை. ஆயா சொன்ன இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கேட்டபோது எனக்குக் குளிர்ந்துபோனது. நீச்சல் தெரிந்த பெண் கிணற்றில் விழுந்தால் சாகமாட்டாள், அதனால் அவள் விழுந்தாள் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆயா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் நீச்சல் கற்றது 26 வயதில், சென்னையில், காசு கட்டி.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். ஒரு நீச்சல் குளத்தில் காலை ஆறே முக்கால் மணிக்கு 'லேடீஸ் பேட்ச்'. பயிற்சியாளரும் பெண். முதல் நாள் மேடம் என்றேன். "கோச்னு கூப்பிடு, மேடம்னா பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு" என்றார். நான் இரண்டையும் சேர்த்துக் கோச் மேடம் என்றே கடைசிவரை கூப்பிட்டேன். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் வளர்ந்து, மாநில அளவில் நீந்தி, தோள்பட்டை போனதும் பாட்டியாலாவில் டிப்ளமோ முடித்து வந்தவர். பாட்டியாலா என்றால் 1961-ல் ஆரம்பித்த தேசிய விளையாட்டு நிறுவனம். இந்தியாவில் 'என்.ஐ.எஸ். கோச்' என்று ஒருவர் சொல்லிக்கொண்டால் அந்த ஊரின் பெயர் பின்னால் இருக்கும்.

மூன்று நாள் என்னை நீந்தவே விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை உள்ளே விட்டு மூச்சை ஊத வேண்டும். குமிழி குமிழியாக. அப்புறம் தலையைத் தூக்கி வாயால் இழுக்க வேண்டும். மறுபடி ஊத வேண்டும். எனக்கு எரிச்சல். மாமா ரெண்டு நாளில் பையனை மிதக்கவிட்டவர் ஆயிற்றே. நான்காம் நாள் கோச் மேடம் ஏன் என்று சொன்னார். தண்ணீருக்குள் பயந்தவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிடித்த மூச்சோடு மேலே வந்தால் முதலில் வெளியே விட வேண்டும், பிறகு இழுக்க வேண்டும், இரண்டுக்கும் நேரம் இருக்காது. பழைய காற்றை உள்ளே வைத்துக்கொண்டே புதுக் காற்றுக்கு அலைவதால்தான் பாதிப் பேர் முழுங்குகிறார்கள். ஆகவே தண்ணீருக்குள் விடு, வெளியே இழு. இது பழகிவிட்டால் கையும் காலும் தானாக வரும். மாமாவிடம் கற்ற பையன்கள் எல்லாரும் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டே நீந்துவார்கள், இருபதடி போனதும் கழுத்து வலிக்கும், மூச்சு வாங்கும். கிணற்றுக்கு அது போதும். ஆற்றுக்குப் போதாது.

அவரிடம்தான் இன்னொன்றும் கற்றேன். மூழ்குகிறவர் கத்தமாட்டார். கையை ஆட்டிக் கூப்பிடமாட்டார். சினிமாவில் காட்டுவது எல்லாம் பொய். நியூயார்க்கில் கடற்கரைக் காவலராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், நிஜமாக மூழ்குகிறவர்களைப் படம் பிடித்துப் பார்த்து இதை எழுதினார். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற கண நேரத்தில் மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்கும், சத்தம் போட அல்ல. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், அவற்றைத் தூக்கி ஆட்ட உடம்பு விடாது. இப்படி 20 முதல் 60 விநாடி. அவ்வளவுதான். கரையில் நிற்கிறவருக்கு அது விளையாட்டு மாதிரித் தெரியும். இதைக் கேட்டபோது எனக்கு அந்த எட்டாம் வகுப்புப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். கிணற்று மேட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் "ஒரு சத்தமும் கேக்கலயே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். யாரும் அவர்களை நம்பவில்லை.

கோச் மேடத்துக்குச் சம்பளம் என்று நான் நினைத்தது சம்பளமே இல்லை. பேட்ச் கணக்கு. பேட்சில் ஆள் சேர்ந்தால் காசு. ஏப்ரல், மே மாதங்களில் குளம் நிரம்பி வழியும், மழைக்காலத்தில் நான்கு பேர். அந்த மாதங்களில் அவர் டியூஷன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை குளம் மூடிய பிறகு, பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு பையனையும் அவன் தங்கையையும் வரவைத்து ஒரு மணி நேரம் நீந்தவிடுவார். அதற்குக் காசு வாங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வாட்ச்மேனுக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். தொழில்முறைப் பயிற்சியாளர் என்றும் தன்னார்வலர் என்றும் இரண்டு சாதியாகப் பிரிக்கும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசிப்பேன்.

பயிற்சியாளர்களின் பெயர் பொதுவாக வெளியே வருவதில்லை. குற்றாலீஸ்வரனைத் தெரியாத தமிழர்கள் ஒரு காலத்தில் கிடையாது. 1994-ல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, 1966-ல் மிஹிர் சென் வைத்திருந்த ஐந்து என்ற கணக்கைத் தாண்டினான். படகில் கூடவே போன பயிற்சியாளர் கே. எஸ். இளங்கோவனின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் எத்தனை பேர் சொல்லுவார்கள்? அதற்கு நாற்பது வருஷம் முன்னால், 1954-ல், யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றின் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆனந்தன் 1971-ல் போய் வந்து இரண்டு வழியும் நீந்தினார். கடலோர ஊர்கள். அவர்களுக்கு முதலில் கயிறு பிடித்தது எந்த மாமா என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு ஒலிம்பிக் நீச்சல்காரர் வந்திருக்கிறார் என்று எனக்கே 2021-ல்தான் தெரியும். சஜன் பிரகாஷ். கேரளத்தில் பிறந்தவர். தடகள வீராங்கனையான அம்மா ஷாண்டிமோளுக்கு நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை, ஆகவே வளர்ந்தது நெய்வேலியில், நீந்தப் பழகியதும் அங்கேதான். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் நீந்தினார். 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்பிளையில் 1 நிமிடம் 56.38 விநாடி எடுத்து, ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல்காரர் ஆனார். அப்போது அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் பிரதீப் குமார். நெய்வேலி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். டவுன்ஷிப்பில் குளம் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், விளையாட்டு தெரிந்த அம்மா இருந்தார். இந்த மூன்றும் ஒரே வேலிக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த 56.38 சாட்சி.

வேலிக்கு வெளியே நடந்ததற்கும் சாட்சி இருக்கிறது. அடுத்த வருஷம், 2022 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. நெல்லிக்குப்பம் பக்கத்தில் குச்சிப்பாளையம். கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன ஏழு பேர் மூழ்கிப் போனார்கள். ஏழு பேரும் பெண்கள், பெரும்பாலும் பள்ளிச் சிறுமிகள். பள்ளத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து போனார்கள். செய்தியைப் படித்துவிட்டு நான் முதலில் எண்ணிப் பார்த்தது, இதே இடத்தில் ஏழு பையன்கள் இருந்திருந்தால் அதில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரிந்திருக்கும் என்று. மூன்று பேருக்காவது தெரிந்திருக்கும். ஒருவனுக்காவது பின்னாலிருந்து போக வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் 2020 ஆகஸ்டில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் போய்த் தத்தளித்த நான்கு இளைஞர்களைப் பார்த்து, அங்கே இருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், அனந்தவல்லி மூவரும் தங்கள் புடவைகளை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேரைக் கரைக்கு இழுத்தார்கள். மற்ற இருவரை முடியவில்லை. அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. எல்லாரும் தாய்மை, தியாகம் என்று எழுதினார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. அவர்கள் செய்தது பாடப்புத்தகத்து மீட்பு முறை: உள்ளே குதிக்காதே, நீளமான ஒன்றை வீசு, நீ கரைப்பக்கம் நின்று இழு. யாரும் வகுப்பு எடுக்காமல் அந்த முடிவை ஒரு நிமிஷத்துக்குள் எடுத்த மூன்று பெண்கள். அவர்களை நீச்சல் பயிற்சியாளர் ஆக்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. விருது கொடுத்து அனுப்பிவிட்டோம்.

மாமாவின் பள்ளிக்கூடம் இப்போது இல்லை. அவர் மாறவில்லை, தண்ணீர்தான் போய்விட்டது. 1990 வாக்கில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் முழுக்க இலவசமானது, அப்புறம் போர் போடுகிற வண்டிகள் வந்தன. 300 அடி, 500 அடி. பக்கத்தில் போர் இறங்கினால் திறந்த கிணற்றில் ஊற்று நின்றுவிடும். நெய்வேலியில் சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருப்பது இந்த மாவட்டத்தின் பழைய வழக்கு, ஆனால் எங்கள் பக்கத்துப் பாறைக் கிணறுகள் செத்ததற்கு அதைக் காரணம் சொன்னால் பொய். எங்கள் போர்களே போதும். இப்போது பாதிக் கிணறுகளில் கருவேல முள்ளும் பிளாஸ்டிக்கும். மழை நல்லா பெய்த வருஷம் மட்டும் இரண்டு மூன்றில் தண்ணீர் நிற்கும். அதில் இறங்கிக் கற்க ஆள் இல்லை, பையன்கள் கையில் போன். இன்றைக்கு எங்கள் ஊரில் பத்து வயதுப் பையனுக்கும் நீச்சல் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது. ஒரு வகையில் சமத்துவம் வந்துவிட்டது.

ஆனால் ஆழமான தண்ணீர் இன்னும் இருக்கிறது. மணிமுத்தாற்றில் மணல் எடுத்த பள்ளம், மண் எடுத்த குழி, தடுப்பணை, ஏரியில் ஜேசிபி தோண்டிய இடம். அவற்றுக்குப் படிக்கட்டு கிடையாது. கிணற்றில் எங்கே பாறை, எங்கே ஆழம் என்று மாமாவுக்குத் தெரியும். ஜேசிபி தோண்டிய குழியின் ஆழம் ஜேசிபி ஓட்டியவருக்கே மறந்திருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021-ல் மட்டும் இந்தியாவில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இதில் குளத்தில் கோச்சிங் எடுக்கப்போய் இறந்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? சாவு நடக்கிற தண்ணீரும் பயிற்சி நடக்கிற தண்ணீரும் ஒன்றுக்கொன்று எண்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன.

மாவட்டத் தலைநகரத்துக் குளத்துக்கு எங்கள் ஊர்ப் பிள்ளை போய் வர பஸ்ஸிலேயே அரை நாள் போய்விடும். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரு தாலுகாவுக்கு ஒரு டைல்ஸ் போட்ட குளம் கட்டுங்கள் என்று கேட்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டுவார்கள், திறப்பார்கள், மோட்டார் ரிப்பேர் ஆகும், பாசி பிடிக்கும். குளோரின் வாங்க பில் பாஸ் ஆகாது. குளத்தைவிடக் கயிறு பிடிக்க ஆள் கிடைப்பதுதான் முதல் காரியம்.

வங்கதேசத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு குட்டை, அதில்தான் குழந்தைகள் மூழ்குவார்கள். 'ஸ்விம்சேஃப்' என்ற திட்டத்தில், அதே குட்டைக்குள் மூங்கிலால் ஒரு மேடை கட்டினார்கள். தண்ணீருக்குள் மூங்கில் தளம், நான்கு பக்கமும் மூங்கில் வேலி, குழந்தையின் மார்பளவு ஆழம். உள்ளூர் இளைஞர்களையும் பெண்களையும் பிடித்துப் பயிற்சி கொடுத்து அவர்களையே சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். நான்கு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள். தேர்வும் எளிமையானது: 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையிலிருந்து ஒருவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். பதக்கம் கிடையாது. கற்றுக்கொண்ட குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று 2012-ல் ஆய்வு வெளியானது. மாமாவின் வயிற்றுக்கடிக் கையும் கோச் மேடத்தின் குமிழியும் சேர்ந்த பாடத்திட்டம் அது. கூட ஒரு மூங்கில் தளம்.

போன தை மாதம் அக்கா மகளையும் அவள் தோழிகள் நான்கு பேரையும் பம்புசெட் தொட்டியில் இறக்கினேன். ஐந்து பேருக்கும் பத்துப் பதினோரு வயது. தொட்டி ஆழம் மூன்றரை அடிதான், நீளம் பன்னிரண்டு அடி. நீந்த இடமில்லை, குமிழி விட இடம் இருந்தது. கிணற்று மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமா, "இது இன்னாம்மா, தண்ணிய ஊதிக்கிட்டே கெடக்குதுங்க" என்றார். மூன்று நாள் பொறுத்துக்கொண்டார். நான்காம் நாள் எங்கிருந்தோ ஒரு பழைய கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீர் நின்ற ஒரே கிணற்றில் கடைசிப் படி வரைக்கும் நான் இறங்கினேன், மேலே அக்கா கயிற்றைப் பிடித்தாள். சுடிதாரோடு நீந்துவது கஷ்டம், துணி காலைச் சுற்றும். ஆனால் ஆற்றில் விழுந்தால் சுடிதாரோடுதானே விழுவார்கள், அதோடேயே பழகட்டும் என்று விட்டேன். லீவு முடிந்து நான் சென்னைக்குக் கிளம்பியபோது ஐந்து பேரில் இருவருக்கு மிதப்பு வந்திருந்தது, ஒருத்திக்கு மல்லாக்கப் படுக்க வந்திருந்தது. மற்ற இருவர் இன்னும் படியைப் பிடித்த கையை விடவில்லை.

பத்து நாள் லீவு போட்டு வந்து செய்கிற தன்னார்வத்தின் அளவு அவ்வளவுதான். அடுத்த தை வரைக்கும் அந்த இருவரும் படியைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். வருஷம் முழுக்க ஊரிலேயே இருக்கிற ஒரு பெண் வேண்டும். ஏரியில் நூறு நாள் வேலை செய்கிறவர்களில் சின்ன வயசுக்காரர்கள் மூன்று பேரிடம் பேசிப் பார்த்தேன். ரெண்டு மாசம் பயிற்சி எடுத்துக்கிட்டா நம்ம ஊர்ப் புள்ளைங்களுக்கு நீங்களே சொல்லித் தரலாம், ஏரி ஓரமா மூங்கில்ல ஒரு தளம் கட்டிக்கலாம் என்றேன். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள், இந்த வயசுல நான் தண்ணியில எறங்கணுமா என்று. இன்னொருத்தி வெயிலில் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். எவ்வளவு ஆழம், எத்தனை பிள்ளைகள், பாம்பு இருந்தால் என்ன செய்வது, ஒரு பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது. கடைசியாகக் கேட்டாள்:

"எல்லாம் செரிக்கா. ஒரு நாளைக்கு எவ்ளோ குடுப்பாங்க?"